ஏழு வீட்டுக் கரடி

"மூஞ்சி தெரியக் கூடாதுன்னா தெரியக் கூடாது. அம்புட்டுத்தான்!"

"ஏலே, கரியைக் குழைச்சு அப்பிக்கிட்டா எவனுக்குடா தெரியப் போகுது? உங்க அப்பா அப்படித்தான் கரடி வேஷம் கட்டி ஏழு வீடு போயிட்டு வந்தாரு. அவியளை யாரும் கண்டுபிடிச்சாங்களா?"

"ஊரே கண்டுபிடிச்சுது. மூணாவது வீட்டுத் தண்ணியிலேயே கரி கரைஞ்சு மீசை வெளிய வந்திருச்சாம். இன்னைக்கும் தபால்காரர் நம்ம வீட்டுக்குக் கரடி வீடுன்னுதானம்மா அடையாளம் சொல்லுதாரு!"

"சொன்னா என்னலே? அதுவும் ஒரு பேருதான!"

ராஜபாளையத்தில் அந்தத் தெருக்காரர்களுக்கு டி.வி. தேவைப்படுவதில்லை. மாடத்தி வீட்டு வாசல் கதவு திறந்திருந்தால் போதும். அன்றைக்குக் கதவு மட்டுமல்ல, ஜன்னலும் திறந்திருந்தது. எதிர்வீட்டுக் குருவம்மாள் ஏற்கெனவே காய்ந்து மடித்து வைத்த துணியை மறுபடி எடுத்து உதறிக்கொண்டு நின்றாள்.

சண்டைக்குக் காரணம் நல்ல காரியம்தான். மாடத்தியின் இளைய மகன் சேதுபதி போலீஸ் வேலைக்கு இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் திரும்பி வந்தவன். முதல் தடவை ஓட்டத்தில் போச்சு, அடுத்த தடவை எழுத்தில் போச்சு. மூன்றாம் தடவை அவன் கிளம்பிய அன்று மாடத்தி தெரு மாரியம்மன் முன்னால் நின்று நேர்ந்துகொண்டாள். வேலை கிடைத்தால் பங்குனிப் பொங்கலுக்கு என் மகன் கரடி வேஷம் கட்டி ஏழு வீட்டில் பிச்சை வாங்குவான் தாயே, என்று. கிடைத்துவிட்டது. சித்திரையில் பயிற்சிக்கு வரச்சொல்லி ஓலையும் வந்துவிட்டது. அம்மன் தன் பங்கை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். கரடியைத்தான் காணோம்.

கரடிக்கு போட்டோ பயம். "எல்லாப் பயலும் போனை வச்சுக்கிட்டு நிப்பானுங்கம்மா. ஸ்டேட்டஸ்ல போட்டுருவானுங்க. நாளைக்கு நான் ஸ்டேஷன்ல நிக்கையில, கரடி ஏட்டய்யா வாராருன்னு சொல்லுவானுங்க."

"நீ முதல்ல ஏட்டு ஆவுலே."

இவர்கள் இருவருக்கும் நடுவில், அடுப்படி வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள் மூத்த மருமகள் கல்பனா. வெளியிலிருந்து பார்த்தால் அவளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உள்ளே பார்த்தால் அந்த வீட்டில் அவளைவிட அந்தக் கரடிக்காக ஏங்கினவர்கள் யாருமில்லை.

கல்பனாவின் புருஷன் பாண்டிதுரை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு லாரிப் பட்டறையில் மெக்கானிக். தினம் பஸ்ஸில் போய் வருவது முதுகுக்கு ஆகவில்லை, அங்கேயே வீடு பார்த்துப் போகிறோம் என்று தை மாதம் சொன்னார்கள். பதினோரு கிலோமீட்டருக்கு என்ன முதுகுவலி வரும் என்று தெருவில் யாரும் கேட்கவில்லை. காரணம் முதுகில் இல்லை, அடுப்படியில் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். கல்யாணமாகி வந்த பதினோரு வருசத்தில் இன்றைக்கு என்ன குழம்பு என்று கல்பனா ஒரு நாள்கூட முடிவு செய்ததில்லை. அவள் போட்ட உப்பு குறைவு, அவள் ஊற்றிய புளி அதிகம், அவள் தாளித்தால் புகை. அந்த ஊர் மடவார் வளாகம் பக்கம் ஒரு டீச்சர் வீட்டு மாடியில் இரண்டு அறையும் ஒரு குட்டி அடுப்படியும் பார்த்து வைத்திருந்தார்கள். சித்திரை முதல் வாரம் வரைக்கும்தான் வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பேன் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

மாடத்தி அதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தாள்.

"நேர்ச்சை நிக்கையில வீட்டைப் பிரிக்கக் கூடாது. அடுப்பு ரெண்டாயிப் போச்சுன்னா அம்மன் எந்த அடுப்புப் பொங்கலைப் பாப்பா? முதல்ல கரடி. பொறவு எங்க வேணா போங்க."

ஆக, சேதுபதி கரடியானால் கல்பனாவுக்குத் தனி அடுப்பு. ஆகாவிட்டால் அடுத்த பங்குனி வரைக்கும் இதே வெங்காயம், இதே வாசல்படி.

பாண்டிதுரை மதுரையில் வேஷம் வாடகைக்கு விடுகிறவரிடம் போனில் கேட்டுப் பார்த்தான். அவர் அனுப்பிய படத்தில் கரடி இளிச்ச வாயோடு வயிற்றில் சிவப்பாக ஒரு இதயத்தை வைத்துக்கொண்டு நின்றது.

"இது பொறந்தநாளுக்கு நிக்கிற பொம்மைலே. அம்மன் இதையா கேட்டா? அதுவும் ஊரான் வேர்வை ஊறினது. போட்டுக்கிட்டுக் கோயிலுக்குள்ள போனா விளங்குமா?" என்றாள் மாடத்தி.

"அப்ப நான் போகலை."

"போகாட்டிப் போ. வேலையைக் குடுத்தவளுக்கு எடுக்கவும் தெரியும்."

சேதுபதி முகம் செத்துப் போனது. கல்பனா உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டுவிட்டு, "தலையை நான் செஞ்சு தாரேன். கழுத்து வரைக்கும் மூடுற மாதிரி. ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்வீட்டில் துணி உதறுகிற சத்தமும் நின்றது.

"நீயா? நீ தலை செஞ்சிருக்கியா?" என்றாள் மாடத்தி.

"சோபா செஞ்சிருக்கேன்ல."

செய்திருந்தாள். மகள் பிறக்கும் முன்னால் நாலு வருசம் தென்காசி ரோட்டில் சுயம்புலிங்கம் அண்ணாச்சியின் குஷன் கடையில் உறை தைத்திருக்கிறாள். உறை தைப்பதற்கும் கரடி செய்வதற்கும் எம்புட்டுத் தூரம் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பாள். அம்புட்டு அலுப்பு.

சுயம்புலிங்கம் அண்ணாச்சி விஷயத்தைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பஸ் சீட்டு செஞ்சிருக்கேன் தாயி. டாக்டர் வீட்டு மெத்தை செஞ்சிருக்கேன். மிருகம் செஞ்சதில்லை." ஆனாலும் வெட்டி மிச்சமான ரெண்டு இஞ்ச் ஃபோம் துண்டுகளை ஒரு சாக்கு நிறைய அள்ளிக் கொடுத்தார். ஒட்டுவதற்கு ஒரு டப்பா சொல்யூஷனும் கொடுத்தார். "இதை ரெண்டு பக்கமும் தடவு. தடவிட்டு சும்மா இரு. தொட்டா கையில ஒட்டாத அளவுக்குக் காயணும். அப்பத்தான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டும். அவசரப்பட்டா வழுக்கிரும்."

கல்பனா தலையாட்டினாள். மனசு மடவார் வளாகத்தில் இருந்தது.

வீட்டுக்குள் வைத்துச் செய்ய முடியவில்லை. சொல்யூஷன் வாடைக்கு மாடத்தி, "பெட்ரோல் பங்க்ல குடியிருக்க மாதிரி இருக்கு" என்று தலையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு படுத்துவிட்டாள். கல்பனா சாக்கைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். பங்குனி வெயிலில் மாடி தோசைக்கல்லாகக் காய்ந்தது. சேதுபதியை உட்கார வைத்து இஞ்ச் டேப்பால் நெற்றியைச் சுற்றி அளந்தாள். இருபத்து மூன்று. ஆக்ஸா பிளேடால் ஃபோமை இருபத்து மூன்று இஞ்சுக்கு அறுத்து வட்டமாக வளைத்து ஒட்டினாள். மேலே மூடி, முன்னால் ஒரு மூக்கு, இரண்டு காது.

காயட்டும் என்று இருக்கப் பொறுமையில்லை. மதியம் ஒட்டின மூக்கு சாயந்தரம் பார்த்தால் கழுத்துக்கு இறங்கியிருந்தது. அதைப் பிய்த்து மறுபடி ஒட்டி, மறுநாள் சேதுபதியைக் கூப்பிட்டு மாட்டினாள். மாட்டவில்லை. காதுக்கு மேலே உட்கார்ந்துகொண்டு வர மாட்டேன் என்றது. ரெண்டு இஞ்ச் கனம் வட்டத்துக்கு உள்பக்கமாக இடத்தை அடைக்கும் என்று டேப் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

"மதினி, காது! காது!"

"செத்த நேரம் பொறுங்க தம்பி, அழுத்தினா எறங்கும்."

"காதுதான் எறங்கும்!"

கொஞ்சம் புளி வேண்டும் என்று வந்த குருவம்மாள் புளியை மறந்து படியேறி மாடிக்கே வந்துவிட்டாள். தரையில் கிடந்ததைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"என்னடி கல்பனா, பன்னி செய்யுத?"

"மெத்தைக்கு தலகாணி அத்தை."

"தலகாணிக்கு எதுக்குக் காது?"

கல்பனா அதைச் சாக்கால் மூடினாள். குருவம்மாளுக்குப் பதில் தேவையில்லை. அன்றைக்கு மாலை குழாயடியில் தண்ணீர் வருவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. போலீஸ்காரனுக்குத் தலை தயாராகுது, இன்னும் அது எந்த மிருகம்னு முடிவாகலை, என்று.

இரண்டாவது தலைக்கு பாண்டிதுரையின் பழைய ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டாள். அதைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் ஃபோமைச் சுற்றி ஒட்டிவிட்டு, கடைசியில் ஹெல்மெட்டை உருவி எடுத்துவிடுவது என்று ஏற்பாடு. இந்தத் தடவை சொல்யூஷன் தடவினதும் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நிழலில் உட்கார்ந்தாள். சும்மா இருப்பதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி. சும்மா இருந்தால் யோசனை வரும். யோசனையில் புகைபோக்கி இல்லாத ஒரு குட்டி அடுப்படி வரும், அதில் அவள் மட்டும் நின்று ரசம் வைப்பாள், ருசி பார்த்துவிட்டு ஒருத்தரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

கீழிருந்து குரல் வரும். "ஏட்டி, கரடி ஒலையில வேகுதோ? சோறு வடிக்கலையா?"

ஆறு நாளில் தலை நின்றது. கன்னத்தை உப்ப வைக்க ஒட்டின துண்டுகள் ஒரு பக்கம் கூடி, பல்வலிக்காரன் மாதிரி இருந்தது. சிறு கத்தரியால் சீவிச் சீவிச் சரி செய்தாள். மாடியெல்லாம் ஃபோம் துகள் பறந்து, சாயந்தரம் சோற்றிலும் விழுந்தது. மாடத்தி அதை விரலால் எடுத்துத் தட்டோரம் வைத்தாள்.

மயிருக்குத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டியிருந்தது. லாரி கேபினுக்குள் ஒட்டுகிற ஃபர் துணி கறுப்பில் பாண்டிதுரையின் பட்டறைக்குப் பக்கத்தில் ஜோயல் என்கிறவரின் சீட் கவர் கடையில் இருந்தது. ஜோயல் துணியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் பிளேடால் கோடு கிழித்துக் காட்டினார்.

"கத்தரி போடாதீங்க அக்கா. மேல இருந்து வெட்டினா முடியும் சேர்ந்து போயிரும், படிக்கட்டு மாதிரி தெரியும். அடித்துணியை மட்டும் கீறணும். அப்புறம் முடி போற திசையைத் தடவிப் பாத்து ஒட்டுங்க."

"சரிங்க."

"என்ன லாரிக்கு?"

"லாரி இல்லை. கொழுந்தனுக்கு."

ஜோயல் அதற்கு மேல் கேட்கவில்லை. வியாபாரத்தில் எத்தனையோ பேரைப் பார்த்தவர்.

அப்படியே மடவார் வளாகம் போய் மாடி வீட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாக அடுப்படி மேடை மட்டும் தெரிந்தது. கறுப்புக் கல், மேலே தூசி. அந்தத் தூசியைத் துடைக்க வேண்டும் போலக் கை பரபரத்தது. டீச்சர் எட்டிப் பார்த்து, "சித்திரை அஞ்சாம் தேதிக்கு மேல என்னால முடியாதும்மா, வேற ஒரு ஆளு கேட்டுக்கிட்டே இருக்காரு" என்றார்.

ஜோயல் சொன்னதில் முதல் பாதியைக் கல்பனா அப்படியே செய்தாள். இரண்டாம் பாதி ஒட்டி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. கன்னத்து முடியெல்லாம் கீழே படியாமல் மேல்நோக்கி நட்டுக்கொண்டு நின்றது. பிய்த்தால் ஃபோமும் சேர்ந்து வரும், வேறு துணியும் இல்லை.

பாண்டிதுரை பார்த்துவிட்டுச் சொன்னான். "கரண்ட் அடிச்ச கரடி மாதிரி இருக்கு."

"இந்தாங்க, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நம்ம வீட்டுக்குத்தான் செய்யுதேன்."

அவனுக்கும் தெரியும் எந்த வீடு என்று.

கண்ணுக்கு என்ன வைப்பது என்று இரண்டு நாள் குழம்பினாள். கண்ணாடி வைத்தால் உள்ளே மூச்சுக்காற்றில் பூத்துவிடும். வெறும் ஓட்டை வைத்தால் சேதுபதியின் கண் தெரியும், அந்த வீட்டு ஆம்பளைகளின் மாட்டுக் கண்ணைத் தெருவே அறியும். கடைசியில் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி ஞாபகம் வந்தது. அந்த ஊர்ப்பக்கத்தில் எந்த வீட்டுப் பரணிலும் கிடக்கிற சரக்கு. கறுப்புச் சாயத்தில் முக்கிக் காயவைத்து ஒட்டினாள். வெளியிலிருந்து பார்த்தால் கறுப்பு விழி, உள்ளிருந்து பார்த்தால் தெரு பளிச்சென்று தெரிந்தது. முதல்முறையாக அவளுக்கே ஒரு சந்தோஷம் வந்தது. வாய்க்குள்ளே தன் பழைய சிவப்பு ஜாக்கெட்டைக் கிழித்து ஒட்டினாள்.

சேதுபதி மாட்டிக்கொண்டு மாடியில் நாலு நடை நடந்தான். உள்ளேயிருந்து அடைத்த குரலில், "மதினி, சூப்பர். இனி எவனும் என்னைக் கண்டுபிடிக்க முடியாது" என்றான்.

எதிர்மாடியிலிருந்து குருவம்மாள், "சேதுபதி, காது கொஞ்சம் கோணலா இருக்குப்பா!" என்றாள்.

மாடத்தி தலையை இரண்டு கையாலும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மூக்கு சரியில்லை" என்று மட்டும் சொன்னாள். அந்த வீட்டில் அது பாராட்டு.

இதில் ஒரு விஷயத்தை யாருமே யோசிக்கவில்லை. வேஷம் கட்டினவர் வாசலுக்கு வந்தால் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை ஊற்றித்தான் அரிசி போடுவார்கள். இது அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஃபோம் தண்ணீர் குடிக்கும் என்பதும் ஒரு தடவை மெத்தை நனைந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இரண்டும் தனித்தனியே தெரிந்திருந்தது. கரி கரைந்த கதையைச் சொல்லிச் சண்டை போட்ட சேதுபதிக்குத் தோன்றவில்லை. நாலு வருசம் ஃபோமுக்கே உறை தைத்த கல்பனாவுக்கும் தோன்றவில்லை.

பொங்கலன்று காலை பத்து மணிக்குக் கோயிலிலிருந்து கரடி கிளம்பியது. உடம்புக்குக் கறுப்புப் பனியனும் மிச்ச ஃபர் துணியும். முன்னால் ஒரு மேளம், பக்கத்தில் அரிசி வாங்க முறத்தோடு பாண்டிதுரை, பின்னால் மாடத்தியும் கல்பனாவும். கோயில் பூசாரி சந்தனம் விதியைச் சத்தமாகச் சொல்லி அனுப்பினார். ஏழு வீடு முடிந்து மறுபடி கோயிலுக்குள் வரும் வரைக்கும் தலையைக் கழற்றக் கூடாது. கழற்றினால் நேர்ச்சை சேராது, அடுத்த பங்குனிக்குத்தான்.

முதல் வீட்டில் காலில் ஊற்றினார்கள். இரண்டாவது வீட்டிலும் காலில்தான். கரடி குதித்து ஆடியது. தெருவில் நாலைந்து போன்கள் தூக்கிப் பிடித்திருந்தன. கல்பனா மனசுக்குள் எண்ணினாள், ரெண்டு போச்சு, இன்னும் அஞ்சு.

மூன்றாவது வீடு குருவம்மாள் வீடு. அவள் ஒரு குடம் நிறைய மஞ்சள் தண்ணீரோடு மேல்படியில் ஏறி நின்றிருந்தாள். உள்ளே இருப்பது யார் என்று தெரிந்தாலும், கரி கரைவதைப் போல ஏதாவது கரைந்து கண்ணால் பார்த்தால்தான் அவளுக்குத் திருப்தி.

"வெயில்ல வந்திருக்காரு கரடியாரு, நல்லா குளுந்து போகட்டும்!" என்று குடத்தை அப்படியே தலையில் கவிழ்த்தாள்.

ஒன்றும் கரையவில்லை. ஒரு சொட்டுக்கூடக் கீழே விழவில்லை. ஒரு குடம் தண்ணீரும் எங்கே போச்சு என்று குருவம்மாளே குனிந்து பார்த்தாள். தலை அவ்வளவையும் குடித்துவிட்டு, மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது.

குருவம்மாள் செய்ததை நாலாவது வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். அவளும் குடத்தைத்தான் எடுத்தாள்.

அதற்கப்புறம் கரடி ஆடவில்லை. தள்ளாடியது. பேண்டேஜ் துணி நனைந்து அதன் கண்ணியெல்லாம் தண்ணீர் அடைத்துக்கொண்டு, உள்ளே சேதுபதிக்கு ஒன்றும் தெரியவில்லை. மேளக்காரர் மேல் மோதி, ஒரு மோட்டார் சைக்கிளைத் தடவிப் பார்த்துவிட்டு, தார் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"மதினி, கழுத்து ஒடியுது. கண்ணு தெரியலை. மூச்சு முட்டுது. கழட்டுதேன்."

"ஏலே கழட்டாத!" என்று மாடத்தி கத்தினாள்.

கையிரண்டும் தலைக்குப் போய்விட்டன. கல்பனாவுக்கு அந்தக் கைகள் மட்டும்தான் தெரிந்தன. தலை வெளியே வந்தால் இன்னொரு வருசம். ஓடிப்போய் அவன் பின்னால் நின்று, கரடியின் தாடையை இரண்டு கையாலும் கீழிருந்து தாங்கித் தூக்கினாள். கழுத்துப் பக்கத்தில் இடைவெளி விழுந்து காற்று போனது.

"இப்ப மூச்சு வருதா தம்பி?"

"வருது."

"எந்திரிங்க. நான் பிடிச்சுக்கிடுதேன். நான் சொல்ற பக்கம் நடங்க. மூணே வீடு."

அப்படியே நடந்தார்கள். கரடி முன்னால், அதன் தலையைப் பின்னாலிருந்து தூக்கிக்கொண்டு கல்பனா. "இடது… கல்லு கிடக்கு… நில்லுங்க." ஒவ்வொரு அடிக்கும் ஃபோமிலிருந்து மஞ்சள் தண்ணீர் பிழிந்து அவள் முழங்கை வழியாக இடுப்புக்கு ஓடியது. பாண்டிதுரை முறத்தைக் கீழே வைக்கவும் கூடாமல், கூட வந்து பிடிக்கவும் முடியாமல், "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஐந்தாவது வீட்டில் காலில் ஊற்றச் சொல்லிக் கெஞ்சினாள். கேட்டார்கள். ஆறாவது வீட்டில் கிழவர் ஒருத்தர் கேட்காமல் ஒரு செம்புத் தண்ணீரை உச்சியில் விட்டார். அவள் தோள்பட்டை நடுங்க ஆரம்பித்தது. ஏழாவது வீட்டுக்காரி அரிசியைப் போட்டுவிட்டு, "உனக்குத்தான் தாயி வேண்டுதலா?" என்று கேட்டாள்.

போன்காரர்களுக்கு நல்ல வேட்டை. அன்றைக்கு எல்லார் ஸ்டேட்டஸிலும் அந்தப் படம்தான். கரடிக்கு முகம் தெரியவில்லை. பின்னால் நின்ற கல்பனாவுக்குத்தான் முகம் பளிச்சென்று தெரிந்தது, மஞ்சளாக, வாயைக் கடித்துக்கொண்டு.

கோயிலுக்குள் வந்து தலையைக் கழற்றினதும் சேதுபதி தூணில் சாய்ந்து வாயால் மூச்சு விட்டான். தலையைத் தரையில் வைத்தார்கள். அது சத்தத்தோடு உட்கார்ந்து, சுற்றிக் குளம் கட்டியது. முடிந்தது என்று கல்பனா நினைத்தாள்.

மாடத்தி பூசாரியிடம் சொன்னாள். "சாமி, ஒரு சந்தேகம். ஏழு வீடு என் மகன் சுமக்கணும்னுதான் நான் நேந்தேன். நாலு வீடுதான் அவன் சுமந்தான். மிச்சம் மூணு வீடு இவ சுமந்தா. இது சேருமா?"

கல்பனாவுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

"கழட்டலைல்ல மாடத்தி? கழட்டாட்டிச் சேரும்" என்றார் சந்தனம் பூசாரி. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காதவர்.

"மனசு ஒப்பலையே."

"அப்ப அம்மன்கிட்டயே கேட்டுரு." பூசாரி இரண்டு வாழையிலைத் துண்டு எடுத்தார். ஒன்றில் செவ்வரளி, ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை. மடித்து நூல் சுற்றி, குலுக்கி, அம்மன் காலடியில் போட்டார். சிவப்பு வந்தால் அம்மன் ஏற்றுக்கொண்டாள், வெள்ளை வந்தால் இல்லை. நேர்ந்தவள்தான் எடுக்க வேண்டும்.

மாடத்தி கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். நெஞ்சுக்கு நேரே வைத்து மடிப்பைப் பிரித்தாள். பக்கத்தில் கல்பனா நின்றாள். பின்னால் குருவம்மாள் எட்டின மட்டும் கழுத்தை நீட்டினாள்.

வெள்ளை.

கல்பனா தெளிவாகப் பார்த்தாள். இலைக்குள் ஐந்து இதழும் நசுங்காமல் வெள்ளையாக இருந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். கைகள் மடியில் விரிந்து கிடந்தன. விரலிடுக்கில் ஃபோம் துகளும் மஞ்சளும் அப்பியிருந்தன.

மாடத்தி பூவைப் பார்த்தாள். அந்தக் கைகளைப் பார்த்தாள். மறுபடி பூவைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையை இறுக்க மூடினாள்.

"செவப்பு" என்றாள்.

"காட்டு பாப்போம்" என்றார் பூசாரி.

"என்னத்தைக் காட்ட? அம்மன் முன்னால நின்னுக்கிட்டுப் பொய்யா சொல்லுவேன்?" கையிலிருந்ததை அப்படியே பழைய மாலைக் குவியலுக்குள் எறிந்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பூசாரிக்குப் பசி. சூடத்தைக் காட்டிவிட்டார்.

வெளியே வந்ததும் கல்பனா மெதுவாக, "அத்தை…" என்றாள்.

"பேசாம வாட்டி. எனக்கும் அலுத்துப் போச்சு. பதினோரு வருசமா ஒரே குழம்புக்கு ஒன்கூட மல்லுக்கட்டி நாக்கு செத்துப் போச்சு. போய்த் தொலைங்க, நானும் செத்த நேரம் நிம்மதியா இருக்கேன்."

சித்திரை நாலாம் தேதி கல்பனாவும் பாண்டிதுரையும் மகளும் மடவார் வளாகத்து மாடி வீட்டில் பால் காய்ச்சினார்கள். பால் பொங்கி அடுப்பு அணைந்து, மறுபடி பற்ற வைத்தார்கள். மாடத்தி வந்திருந்தாள், பார்த்துக்கொண்டு நின்றாள், வாயைத் திறக்கவில்லை. சேதுபதி பயிற்சிக்குப் போனான். முடித்ததும் வேலை தூத்துக்குடிப் பக்கம் விழுந்தது. மறுவருசம் ஆவணியில் வ. புதுப்பட்டிக்காரர் பெண் சிவரஞ்சனியைக் கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்கு மறுமாதம் மாடத்தி ராஜபாளையத்து வீட்டைப் பூட்டிவிட்டு அவர்களோடு போலீஸ் குடியிருப்புக்குப் போய்விட்டாள். அங்கே சிவரஞ்சனி புளி அதிகமாக ஊற்றுகிறாள் என்று கேள்வி. பூட்டின வீட்டில் இப்போது தேவதானத்துக் குடும்பம் ஒன்று வாடகைக்கு இருக்கிறது, அமைதியான மனிதர்கள், சண்டையே கிடையாது. பூ வெள்ளைதான் என்று சூடம் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த குருவம்மாளுக்கு அந்தத் தெருவில் அதற்குமேல் பொழுது போகவில்லை. மகளோடு இருக்கிறேன் என்று போன தையில் திருப்பூருக்குப் போய்விட்டாள்.